மூன்று கோட் சாக்லேட்

உருக்கிய சாக்லேட் கெட்டியாக இருந்தது. கெட்டியாக இருந்தால் தண்ணீர் விட வேண்டும். பதினாறு வருஷமாகச் சுவருக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை டம்ளர் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, புதிதாக வாங்கிய மரக்கரண்டியால், வாளியில் பெயிண்ட் கலக்குகிற அதே சுழற்சியில் கலக்கினார்.

அதுவரை பளபளவென்று இருந்த சாக்லேட் சட்டென்று முகத்தைச் சுருக்கிக்கொண்டது. மணல்மணலாகத் திரண்டு, உருண்டு, கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். கிண்ணமும் கூடவே வந்தது.

மணி காலை பத்து. விருந்தாளிகள் நாலு மணிக்கு வருகிறார்கள்.

பெயிண்டர் அக்காவுக்குப் போன் போட்டார். மாடி வீட்டில் குடியிருக்கும் அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வசந்த விடுமுறை என்று ஊரே வீட்டில் இருந்தாலும், விடுமுறை நாளில்தான் கற்றுக்கொள்ள ஆள் கிடைக்கும் என்பதால் அவளுக்கு மட்டும் வேலை. யாரோ ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டவிட்டுக்கொண்டேதான் பேசினாள்.

"அக்கா, சாக்லேட் இறுகிப்போச்சு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

"பட்டுச்சாவா? நானேதான் ஊத்தினேன்."

அந்தப் பக்கம் வண்டி குலுங்கி நின்ற சத்தம் கேட்டது. அக்கா முதலில் கிளட்ச்சைப் பற்றி யாரையோ திட்டினாள், பிறகு தம்பியிடம் வந்தாள். உருக்கின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே போதும், பாழாகிவிடும் என்றாள். தண்ணீர் ஆகாது என்றால் இது ஆயில் பெயிண்ட் ரகம் என்று பெயிண்டருக்குப் புரிந்தது. ஆயில் பெயிண்டுக்கு எதை ஊற்றுவது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"தின்னர்னு மட்டும் சொன்னே, வண்டியைத் திருப்பிக்கிட்டு நேரா அங்க வந்து நிப்பேன்."

பெயிண்டர் போனை வைத்துவிட்டார்.

இத்தனையும் ஒரு வாய்ப் புளுகால் வந்தது. போன மாதம் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் நாலு நாள் வேலை. அங்கே ஊசி போட்டு இரத்தம் எடுக்கிற பெண்ணைப் பார்த்த முதல் நாளே அவர் ஒரே சுவருக்கு இரண்டு முறை பிரைமர் அடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஏணியடியில் உட்கார்ந்து, வழக்கம்போல ரொட்டியில் பீனட் பட்டர் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே வந்து நின்றாள். மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தாள். பெயிண்ட் வாடை தாங்கவில்லை போலிருக்கிறது என்று பெயிண்டர் ஓடிப்போய் இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னார். எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பெயிண்டரின் நாக்கு அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பீனட் பட்டரை உருட்டி, சாக்லேட்டில் முக்கி மிட்டாய் செய்வேன் என்றார். வசந்த விடுமுறைக்கு வருஷா வருஷம் வீட்டிலேயே செய்வேன், தெருவே வந்து வாங்கிக்கொண்டு போகும் என்றார். முட்டை வேகவைக்கத் தெரியாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிற மனிதர் இப்படிச் சொன்னார்.

"அப்ப இந்த வருஷம் நானும் வரலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "அம்மாவையும் கூட்டிட்டு வரேன்."

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதற்கு என்ன அர்த்தம் என்பதை அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அர்த்தம் தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை. முப்பத்து மூன்று வயதில் முதல் முறையாக ஒரு பெண் அவரைப் பார்க்க வீட்டுக்கு வருகிறாள், அதுவும் மிட்டாய்க்காக. மிட்டாய் சரியாக வந்தால் எல்லாம் சரியாக வரும் என்று அவர் நம்பினார்.

உள்ளே வைக்கிற உருண்டை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தது. காலை எட்டு மணிக்கே பீனட் பட்டர், வெண்ணெய், பொடித்த சர்க்கரை மூன்றையும் கலந்துவிட்டார். எவ்வளவு சர்க்கரை போடுவது என்று குறிப்பில் இருந்ததை அவர் படிக்கவே இல்லை. சுவர் வெடிப்பை அடைக்கிற பட்டி என்ன பதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். தகட்டால் எடுத்தால் வழியக் கூடாது, தடவினால் உதிரக் கூடாது. புதுப் பட்டித் தகடு ஒன்றைக் கழுவி எடுத்து அந்தப் பதம் வரும்வரை குழைத்தார். நாற்பத்தெட்டு உருண்டைகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, கோலிக்குண்டு பருமன். தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். நூல் பிடித்தது மாதிரி இருந்தது. அந்த ஐந்து நிமிஷம் அவருக்குப் பறப்பது போல இருந்தது.

இப்போது இந்த மணல் சாக்லேட்டை என்ன செய்வது? தண்ணீர் ஆகாது என்றாள் அக்கா. ஆனால் ஊற்றியது ஊற்றியாகிவிட்டது. பாதியில் நிறுத்தினால்தான் தப்பு என்று முடிவு செய்து, இன்னொரு அரை டம்ளர் ஊற்றிக் கலக்கினார். என்ன ஆச்சரியம், சாக்லேட் இளகிக் கொடுத்தது. பெயிண்டர் சமையலறையில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அது கொஞ்சம் அதிகமாகவே இளகியிருந்தது. உருண்டையை முக்கி எடுத்தால் சாக்லேட் முழுக்க வழிந்து, வெயிலில் நின்று வந்த ஆளின் நிறம்தான் மிச்சம் இருந்தது. முதல் கோட் என்றால் அப்படித்தான் இருக்கும். அடியிலே இருக்கிறது கொஞ்சம் தெரியத்தான் தெரியும், அடுத்த கோட்டில் மூடிவிடலாம். நாற்பத்தெட்டையும் முக்கித் தட்டில் வைத்து, காய்வதற்காக மின்விசிறியை மேஜைமேல் ஏற்றி, முழு வேகத்தில் திருப்பிவிட்டார்.

பொடித்த சர்க்கரை மீதி அரைக் கிலோ, வாய் திறந்த பையில், விசிறிக்கு நேர் எதிரே இருந்தது.

வெள்ளைப் புகை அடங்கி, பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, உருண்டைகள் ஈரச் சுவரில் உப்புப் பூத்த மாதிரி நின்றன. இதற்கும் அவருக்கு வைத்தியம் தெரியும். ஈரத் துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். சர்க்கரை போயிற்று. கூடவே முதல் கோட்டும் போயிற்று. பத்து உருண்டைகள் துணியோடு ஒட்டிக்கொண்டு போயின. மீதி முப்பத்தெட்டு.

மறுபடி அக்காவுக்குப் போன் போனது. இந்த முறை அவள் திட்டவில்லை. அதுதான் பெயிண்டரைப் பயமுறுத்தியது. இருக்கிறதைத் தூக்கிக் கொட்டு, புதுச் சாக்லேட் வாங்கி வா, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கிண்ணத்தை வைத்து உருக்கு, தண்ணீர் வெளியே இருக்கணும், உள்ளே போகக் கூடாது என்று கோடு போட்டுச் சொன்னாள்.

விடுமுறை நாள். தெரு முழுக்கக் கடைகள் இழுத்து மூடிக் கிடந்தன. பெட்ரோல் பங்க்கை ஒட்டிய சின்னக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அங்கே சாக்லேட் என்று மிச்சம் இருந்தது தங்கக் காகிதம் சுற்றிய ஐந்து சாக்லேட் வாத்துகள் மட்டுமே. ஐந்தையும் அள்ளிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். கல்லாவில் இருந்த அம்மாள் குழந்தைகளுக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கல்யாணத்துக்கு என்று பெயிண்டர் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டு, காது வரைக்கும் சிவந்துபோய் வெளியே வந்தார்.

வழியெல்லாம் அவர் நடக்கவில்லை, ஓடினார். தலைமுடியில் சர்க்கரை, கையில் வாத்து, முகத்தில் மாப்பிள்ளைக் களை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வாத்துகள் நல்லபடியாக உருகின. முதலில் அலகு போயிற்று, பிறகு கழுத்து சாய்ந்தது, கடைசியாக ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து, கண்ணாடி மாதிரி மினுமினுக்கிற சாக்லேட்டாக நின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பெயிண்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் உருண்டையை இறக்கினார்.

காலையிலிருந்து வெளியிலேயே கிடந்து, விசிறிக்காற்றும் ஈரத்துணியும் பட்டு அந்த உருண்டை மெத்தென்று ஆகியிருந்தது. சூடான சாக்லேட்டுக்குள் போனது வெளியே வரவில்லை. தேடிப் பார்க்க இரண்டாவதை இறக்கினார். அதுவும் வரவில்லை. மனிதருக்கு நம்பிக்கை அதிகம். பன்னிரண்டாவது உருண்டையும் கரைந்த பிறகுதான் நிறுத்தினார்.

மீதி இருபத்தாறு. மணி ஒன்றரை.

சூட்டில் கரைகிறது என்றால் குளிரவைக்க வேண்டும். இருபத்தாறையும் ஃப்ரீஸரில் வைத்து, முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது ஒவ்வொன்றும் கல் மாதிரி இருந்தது. சாக்லேட்டில் இறக்கினார், எடுத்தார். வழியவில்லை, கரையவில்லை. கண்ணெதிரே சாக்லேட் உறைந்து, பளபளவென்று கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்தது. இருபத்தாறையும் முடித்துவிட்டுப் பெயிண்டர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். வீட்டில் யாருமில்லை என்பதால் தனக்குத் தானே கைகுலுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு 'டிக்'. பிறகு மழை பிடித்துக்கொண்ட மாதிரி வரிசையாகக் கேட்டது. உள்ளே இருந்த குளிருக்கும் வெளியே இருந்த சூட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. இருபத்தாறு மிட்டாய்களிலும் வெடிப்பு விழுந்தது.

மற்ற யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள், உருண்டைகளும் பார்க்க லட்சணமாகவே இருந்திருக்கும். ஆனால் வெடிப்பு என்பது பெயிண்டருக்கு மானப் பிரச்சினை. அவர் கைபட்ட இடத்தில் வெடிப்பு என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. மிச்சமிருந்த பீனட் பட்டரில் சர்க்கரையைச் சேர்த்துப் பட்டி தயார் செய்து, தகட்டின் முனையால் ஒவ்வொரு வெடிப்பையும் அடைத்தார். அதன்மேல் புதுப் பிரஷ்ஷால் இரண்டாவது கோட் அடித்தார். அடைத்த இடம் புடைப்பாகத் தெரிந்தது. சமன் செய்ய இன்னும் கொஞ்சம் பட்டி, அதை மூட மூன்றாவது கோட். கோலிக்குண்டாகப் பிறந்தவை எலுமிச்சம்பழங்களாக வளர்ந்தன. உப்புத்தாளைக்கூட ஒருமுறை கையில் எடுத்தார். அக்காவின் முகம் ஞாபகம் வந்ததால் கீழே வைத்துவிட்டார்.

மூன்றரை மணிக்கு அக்கா உள்ளே நுழைந்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினாள். கதவைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

"எத்தனை கோட்டுடா?"

"மூணு."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பேசாமல் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். மிட்டாய் செய்யத் தெரியாது, உங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று புளுகினேன் என்று நேராகச் சொல்லு என்றாள். சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்றார் பெயிண்டர். போனால் போகட்டும், பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவது பிரேக் இல்லாத வண்டியில் ஏறுவது என்றாள்.

"போகக் கூடாதுக்கா," என்றார் பெயிண்டர்.

அவர் சொன்ன விதத்தைக் கேட்டு அக்கா எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துத் தரையில் கிடந்த சர்க்கரையைக் கூட்ட ஆரம்பித்தாள்.

நாலு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். பெண் பச்சை நிறத்தில் உடுத்தியிருந்தாள். அந்தப் பச்சையைக் கலந்து கொண்டுவர ஒரு நாள் ஆகும் என்று பெயிண்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிற பார்வை அது.

பெயிண்டர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். வைத்த வேகத்தில் மிட்டாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பேசின.

பெண் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். மூன்றாவது கடியில்தான் மேல் கோட் விட்டுக்கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வெகு நேரம் மென்றாள். கடைசியில் விழுங்கி, ஒரு டம்ளர் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். கண் ஓரத்தில் ஈரம் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பெயிண்டர்.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

பெயிண்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் வாயைத் திறந்தபடி நின்றாள். அந்தப் பெண் மூன்றாவதை எடுத்தாள், நான்காவதை எடுத்தாள். நடுவில் தண்ணீர் குடித்தாள், மூச்சு வாங்கினாள், மறுபடி எடுத்தாள். அம்மா மட்டும் மகளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றை எடுத்து, கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய், அதிலிருந்த பிரஷ் கோடுகளைச் சோதித்துவிட்டு, கடிக்காமலே திரும்ப வைத்தார்.

ஆறாவது மிட்டாயின்போது பெயிண்டரால் தாங்க முடியவில்லை. இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிற பெண்ணிடம் எப்படிப் பொய் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பது? எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் தப்பு செய்துவிட்டு எழுந்து நின்ற மாதிரியே இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு மிட்டாய் பண்ணவே தெரியாது. இன்னைக்குத்தான் மொதல் தடவை. வருஷா வருஷம் பண்ணுவேன்னு சொன்னது பொய். தெரு வாங்கிட்டுப் போகும்னு சொன்னதும் பொய். நீங்க பிடிக்கும்னு சொன்னீங்களா, எனக்கு வேற ஒண்ணும் தோணல. உங்களைத் திரும்பப் பாக்கணும்னு சொல்லிட்டேன்."

பெண் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. கோபமா, அழுகையா என்று பெயிண்டருக்குப் பிடிபடவில்லை. அவள் ஏழாவதை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவ வேண்டும் என்று அக்காவுக்குச் சைகை காட்டி, அவசர அவசரமாக உள்ளே போனாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று பெயிண்டர் நினைத்தார். அழுகிறாள், முகம் கழுவிக்கொண்டு வந்து, போகலாம்மா என்று சொல்லப் போகிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மன்னித்துவிடுங்கள் அம்மா, உங்கள் பெண்ணிடம் அப்படிப் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்றார்.

வந்ததிலிருந்து பேசாத அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே குழாய் ஓடுகிற திசையை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அதை விடுங்க தம்பி, பீனட் பட்டர் வாசனை பட்டாலே எழுந்து அடுத்த ரூமுக்கு ஓடுற பொண்ணு இன்னைக்கு ஏழு சாப்பிட்டிருக்கா, கல்யாணத்துக்கு அப்புறமாவது வேற ஏதாவது பண்ணிக் குடுங்க."